அறுநூறு பெயரை அடித்தவர்

பாயிடம் பத்திரம் எழுதப் போகிறவர்கள் கையோடு சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பத்திர ஆபீஸ் வட்டாரத்தில் ஒரு கிண்டல் உண்டு. மற்ற எழுத்தர்கள் ஒரு மணியில் முடித்து அனுப்பும் கிரயத்துக்கு அவரிடம் அரை நாள் ஆகும். எழுதுவதில் தாமதம் கிடையாது, கை வேகம்தான். எழுதிய பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்துக் காட்டுவார். விற்கிறவர் முகத்தில் புரிந்த களை இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வாங்குகிறவர், சாட்சிக்காரர், சும்மா கூட வந்த மச்சான் எல்லோரும் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். படித்து முடித்ததும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, பேனாவை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, வேறு எங்கேயோ பார்ப்பார். "போடுங்க" என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

எழுபதுகளில் திருவண்ணாமலை பத்திர ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகையில் அவர் மேஜையும் என் டைப்ரைட்டர் மேஜையும் ஒட்டியபடி இருந்தன. நான் மனு டைப் அடிப்பவள். எனக்கு முப்பது வயது, அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். என்னைத் தங்கச்சி என்பார். ஊருக்கெல்லாம் அவர் பாய். அவருடைய பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. படித்துக் காட்டாமல் தன் பெயரை அச்சில் ஏற்றினால் மனிதர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு தரம் அடி அண்ணாமலையிலிருந்து ஓர் அம்மாவைக் கொழுந்தனார் அழைத்து வந்தார். பாய் படித்துக்கொண்டே போனார். "இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை" என்ற இடத்தில் அந்த அம்மா எழுந்துவிட்டார். "இன்னாய்யா இது? அடமானம்னுதான சொல்லி இட்டாந்தாரு!" கொழுந்தனார் பாயை முறைத்த முறைப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு தரகர்கள் அவர் பக்கம் ஆள் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டார்கள். மனிதருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான்.

இந்த மனிதர் உலகம் முழுக்க மரண தண்டனையை ஒழிக்கிற வேலையில் இறங்கியதும் இந்தப் படிக்கிற புத்தியால்தான். ஆசிரமத்துப் பக்கம் வீடு வாடகைக்கு எடுக்க வந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், ஒப்பந்தம் எழுதக் கொடுத்த காகிதங்களுக்கு நடுவே தவறுதலாக ஒரு துண்டறிக்கையையும் வைத்துவிட்டார். தன் மேஜைக்கு வந்த காகிதத்தைப் படிக்காமல் பாய் திருப்பித் தர மாட்டார். அதையும் படித்தார். தெரியாத ஆங்கில வார்த்தைகளை என்னிடம் கேட்டார். கடைசியில், "எந்த நாடா இருந்தாலும் சரி, கவர்மெண்டே ஆளைக் கொல்லக் கூடாதுன்னு எழுதிருக்காங்க. இதுல எனக்கு எந்த வில்லங்கமும் தெரியல தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். அந்த வாரமே அதை அச்சிட்ட வெளிநாட்டுச் சங்கத்துக்குக் கடிதம் போட்டார். அதற்குப் பிறகு மாதம் ஒரு கவர் வரும். அதில் எங்கேயோ ஒரு நாட்டில் தூக்குக்கோ துப்பாக்கிக்கோ காத்திருக்கிற யாரோ ஒருவனின் விவரம் இருக்கும். அந்த நாட்டு அதிபருக்கு நாங்கள் கடிதம் எழுத வேண்டும். நாங்கள் என்றால் அவர் சொல்ல, நான் அடிக்க.

அந்தக் கடிதங்களை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எல்லாம் பத்திர நடைதான். இன்னாருடைய மகன், இன்ன வயது, இன்ன ஊரில் வசிப்பவர். ஆப்பிரிக்காவில் ஒருவனுக்குத் தகப்பன் பெயர் கவரில் இல்லையென்று சங்கத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் வருகிற வரைக்கும் காத்திருந்தார்.

"பாய், அதுக்குள்ள அவன் கதை முடிஞ்சிடும். சும்மா பேரை மட்டும் போட்டு அனுப்புங்க."

"அப்பன் பேர் இல்லாம எழுதினா யாரோ ஒருத்தன்னு நெனைச்சிடுவாங்க தங்கச்சி."

கொட்டகைச் சுவரில் பள்ளிக்கூடத்து உலகப்படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். தூக்கை எடுத்துவிட்ட நாடுகளுக்கு நீலப் பென்சிலால் வண்ணம் தீட்டுவார். ஒரு நாடு நீலமானால் அன்றைக்குக் கொட்டகையில் எல்லோருக்கும் டீ. ஒரு முறை நீலமாக்கிய நாடு ஒன்று திரும்பத் தண்டனையைக் கொண்டுவந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. ரப்பர் வைத்து அழிக்க ஆரம்பித்தார். நீலம் போகவில்லை. அழுத்தித் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் கிழிந்து, அந்த நாடு இருந்த இடத்தில் கட்டை விரல் நுழைகிற ஓட்டை விழுந்தது. ரப்பரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, காத்திருந்தவரின் பத்திரத்தைப் படித்துக் காட்டப் போய்விட்டார்.

தூர தேசத்து ஆட்கள் வரைக்கும் எனக்கு இது ஒரு வேடிக்கை. எழுபதுகளின் கடைசியில் அது கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் கொட்டகைக்கே வந்தது. ஐம்பது வயதுக்கு மேலான ஓர் அம்மா. அவர் மகன் வேலூர் ஜெயிலில் தூக்குக்குக் காத்திருந்தான். பங்குக் கிணறு, யார் முறையில் மோட்டார் ஓடுவது என்று தகராறு. சித்தப்பனையும் சித்தப்பன் மகனையும் வரப்பிலேயே வெட்டிப் போட்டுவிட்டான். கோர்ட்டுகளெல்லாம் முடிந்து, ஜனாதிபதிக்குக் கருணை மனு ஒன்றுதான் பாக்கி. அந்தக் குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எழுதியது பாய்.

"நீதான எங்க எல்லாருக்கும் படிச்சிக் காட்ன. இன்னும் ஒரு காகிதம் எழுது சாமி" என்றார் அந்த அம்மா.

வெட்டுப்பட்ட அந்தச் சித்தப்பன் மகனை எனக்குத் தெரியும். தெரியும் என்றால் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். மின்சார வாரியத்தில் வேலைக்கு விண்ணப்பம் டைப் அடிக்க வந்திருந்தான். தப்பில்லாமல் வர வேண்டுமென்று நான் அடிக்க அடிக்கக் கூடவே வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். போகும்போது "வேல கெடச்சா ஸ்வீட் எடுத்தாரேன்கா" என்றான். நான் மனுவை அடித்தேன். அந்த அம்மா என் மேஜைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு அடிக்காமல் இருக்க முடியவில்லை. நான்கு படி. ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

மனுவோடு ஊர் மக்கள் கையெழுத்தும் போனால் நல்லது என்று வக்கீல் சொன்னார். பாய் முதலில் எங்கே போனார் தெரியுமா? வெட்டுப்பட்ட சித்தப்பனின் மனைவியிடம். கூட வரச் சொன்னார், போனேன். இழவு விழுந்து மூன்று வருஷம் ஆகியிருந்த வீடு. அந்த அம்மாள் எங்களை உட்காரச் சொல்லி மோர் கூடக் கொடுத்தார். பாய் மனுவை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது பாராவில் கொலை நடந்த விவரம் இருக்கிறது. எந்த இடத்தில் வெட்டு விழுந்தது, எத்தனை வெட்டு எல்லாம். அதையாவது விடுவார் என்று பார்த்தேன். பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லை படிக்கிற அதே குரலில் அதையும் படித்தார். அந்த அம்மாள் கடைசி வரை கேட்டார்.

"எம் புள்ள செத்தத எங்கிட்டயே படிச்சிக் காட்ட உனக்கு எப்டியா மனசு வந்துச்சி?"

அந்த அம்மாள் விடவில்லை. "அவனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி வந்துட்டியே, எம் புள்ளைக்கு யார்கிட்ட போயி வாங்கறது?" என்றார். பாய் பென்சில் குறி போட்ட தாளை மெதுவாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வழி நெடுக நான் அவரைத் திட்டினேன். "உங்களுக்கு நெஞ்சுல என்னதான் இருக்கு பாய்? அந்தப் பாராவை விட்டுட்டுப் படிச்சா கொறஞ்சா போயிடுவீங்க?"

"வில்லங்கத்த மறைச்சு எழுதினா அது மோசடி தங்கச்சி" என்றார். பஸ்ஸில் ஏறிய பிறகு பார்த்தேன், மடித்த தாளைத் திரும்ப எடுத்து அந்த மூன்றாவது பாராவையே படித்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்து வேட்டை தீபத் திருவிழாவில் நடந்தது. தேர் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை. தேரடித் தெருவில் தெரிந்த பாத்திரக்கடைக்காரர் கடை வாசலில் மேஜை போட இடம் கொடுத்தார். தாளுக்கு அடியில் கார்பன் வைத்து இரண்டு படி, ஒன்று டில்லிக்கு, ஒன்று எங்களுக்கு. ரேகை வைப்பவர்கள் இரண்டிலும் வைக்க வேண்டும். தூக்குக்குக் காத்திருந்தவனின் அம்மா மேஜைக் காலடியில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஊரே திரண்டு போகிறது. பாய் நிற்கிறவர்களுக்கெல்லாம் மனு முழுவதையும் படித்துக் காட்டுகிறார். மூன்றாவது பாரா வந்ததும் பாதிப் பேர் "அய்யய்யோ" என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கீழே உட்கார்ந்திருந்த அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு அதையே மறுபடி மறுபடி கேட்டார். காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை கிடைத்தது ஒன்பது கையெழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பன்னிரண்டரைக்கு அவர் ஜும்மா தொழுகைக்குப் போனார். "பாத்துக்க தங்கச்சி, வந்துடறேன்" என்று தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்ததால் என் நெற்றி நிறைய விபூதி குங்குமம். தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போளூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார்.

"இங்கதான் பேர் எழுதறாங்களாம்மா?"

"ஆமாங்க."

"எழுதிக்கோ. எம் பெரிய பையன், ரிஷப ராசி, ரோகிணி நட்சத்திரம்."

அர்ச்சனைக்குப் பெயர் எழுதுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஒருத்தனுக்கு உயிர்ப் பிச்சை கேட்டு மனுங்க." "நல்ல காரியம்தான, எம் பையன் பேரையும் சேத்துக்கோ" என்று கையெழுத்துப் போட்டார். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அதற்குப் பின்னால் பத்துப் பேர். வரிசை நின்றால் எதற்கென்று கேட்காமல் நிற்கிற ஜனம். முதல் ஐந்தாறு பேருக்குச் சொன்னேன். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். தவறிச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், தெரிந்தேதான் நிறுத்தினேன். பெயர், ராசி, நட்சத்திரம், கையெழுத்து. பேரன் பேத்தி எல்லோருக்கும் சேர்த்துப் போட்டார்கள். ஒருவர் கற்பூரம் வைத்தார். ஒருவர் தேங்காயை நீட்டினார். பாத்திரக்கடைக்காரர் தாள் வாங்கி வர ஆள் அனுப்பினார். அறுநூறு தாண்டியது. எனக்குக் கை வலித்தது, உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். டில்லியில் இந்தத் தாள்கட்டைப் பார்த்தால் எவனுக்கும் மனசு இளகும் என்று நினைத்தேன்.

காலடியில் இருந்த அந்த அம்மாவும் எப்போதோ எழுந்து போய் வரிசையின் கடைசியில் நின்றிருக்கிறார். முறை வந்ததும் முன்பின் தெரியாதவர் போல் என் முன்னால் நின்று, மகன் பெயரைச் சொல்லி, "விருச்சிகம், கேட்டை. நீண்ட ஆயுசுன்னு எழுதிக்கோம்மா" என்றார். இரண்டு படியிலும் ரேகை வைத்தார்.

பாய் திரும்பி வந்தார். தாள்களைப் புரட்டினார். ரோகிணி, விசாகம், உத்திரட்டாதி. "இவங்களுக்குப் படிச்சுக் காட்டினியா?" என்றார். நான் மேஜை மேல் இருந்த தேங்காயை ஓரமாக நகர்த்தி வைத்தேன். அங்கேயே உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ரூல்தடியும் சிவப்பு மையும் எடுத்தார். இரண்டு படியிலும் ஒவ்வொரு வரியாக அடிக்க ஆரம்பித்தார். பத்திரத்தில் ஒரு வார்த்தை அடித்தாலும் ஓரத்தில் சுருக்கொப்பம் வைப்பது வழக்கம். ஒவ்வொரு அடித்தலுக்கும் அதை வைத்தார்.

"பாய், வேணாம். அவங்க மனசாரக் குடுத்தாங்க."

"எதுக்குக் குடுத்தாங்க?"

"எதுக்கா இருந்தா என்ன? ஒரு உயிர் நிக்குது பாய்!"

"தூக்கு உத்தரவுலயும் இப்படித்தான் தங்கச்சி கையெழுத்து விழுது. காகிதத்துல உள்ளது என்னன்னு ஆற அமரப் பாக்காம. நாமும் அதையே செஞ்சா அவங்களப் பாத்து என்ன கேக்கறது?"

"நீங்க நியாயம் பேசுங்க. அவன் தொங்கட்டும்" என்று கத்திவிட்டேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டேன். சிவப்புக் கோடு விழுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்பது போல் இருந்தது.

மறுநாள் அவர் இரண்டு படியும் சேர்ந்த கட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார், மேலே பேனா. நான் கட்டைத் திறக்கவில்லை. அவர் உலகப்படத்தில் ஓட்டை விழுந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தில் விழிக்கக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்தேன். டில்லிக்குக் கவரிங் லெட்டர் ஒன்றை அடித்து, கட்டின் மேல் வைத்து, பேனாவோடு சேர்த்துத் திருப்பித் தள்ளினேன். அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனு தள்ளுபடியாயிற்று. அடுத்த மழைக்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் கழிந்த பிறகு அந்த அம்மா கொட்டகைக்கு வந்தார். அழவில்லை. பாய் முன்னால் நின்று கேட்டார்:

"நீ அடிச்ச பேருங்களயும் சேத்து அனுப்பியிருந்தா எம் புள்ளைய வுட்டிருப்பாங்களா?"

எதையாவது சொல்லி அனுப்பலாம் அல்லவா? "இல்லம்மா, அதுக்கெல்லாம் மசிய மாட்டாங்க" என்று ஒரு பொய். அந்தப் பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம்? பாய் எழுந்து நின்று, "தெரியலம்மா" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அன்றைக்கே என் மேஜையைக் கொட்டகையின் அந்தக் கோடிக்கு மாற்றிக்கொண்டேன். அடுத்த மாதக் கவர் வந்தது. அவர் தன் கையாலேயே ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி எழுதுவது தெரிந்தது. அப்பன் பெயர் என்ன என்று சங்கத்துக்குக் கேட்டிருப்பார். நான் போய் உதவவில்லை.

எண்பதுகளின் நடுவில் அவர் காலமானார். சில மாதம் கழித்து அவர் மகன், லாரி புக்கிங் ஆபீசில் இருப்பவர், ஒரு கட்டைக் கொண்டுவந்தார். "அத்தா பெட்டியில இருந்துச்சுக்கா. மேல உங்க பேர் எழுதி வெச்சிருந்தாரு" என்றார். எங்களுக்கென்று எடுத்த கார்பன் படி. காலையில் விழுந்த ஒன்பதைத் தவிர பக்கம் பக்கமாகச் சிவப்புக் கோடு, ஒவ்வொன்றுக்கும் சுருக்கொப்பம். பழைய ஆத்திரம் அப்படியே திரும்பி வந்தது. கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் கடைசித் தாள் வரைக்கும் புரட்டினேன்.

கடைசித் தாளில் ஒரு வரி அடிக்கப்படாமல் இருந்தது. விருச்சிகம், கேட்டை, நீண்ட ஆயுசு. பக்கத்தில் ரேகை. ஓரத்தில் பாயின் கையெழுத்தில், "மனுவைக் காலை முதல் பல தரம் கேட்டவர்."

அதற்குக் கீழே ஒரு வரி காலி. அங்கே பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. ஓரத்தில் "டைப் அடித்தவர். படித்துக் காட்டத் தேவையில்லை" என்று எழுதியிருந்தது.

அன்றைக்குக் கட்டின் மேல் பேனாவை வைத்துவிட்டு அவர் ஏன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறுநூறு பெயரை அடித்தார் என்று ஊரெல்லாம் சொல்லி அவரைத் திட்டியவள் நான். என் கையெழுத்து அதில் எந்தத் தாளிலும் இல்லை. ஸ்வீட் எடுத்து வருகிறேன் என்று சொன்ன பையனை நினைத்துப் போடவில்லையா, பாய் மேல் இருந்த கோபத்தில் போடவில்லையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நெரிசலில் உட்கார்ந்து அத்தனை பேரைப் போட வைத்த நான், ஒரு தடவை கூட என் பக்கம் பேனாவைத் திருப்பவில்லை.

இன்னும் அவர் மேல் எனக்குக் கோபம்தான். "போடு தங்கச்சி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.